பாலிங் 1955: வகுப்பறையில் நடந்த இரண்டு நாள் பேச்சு

கெடா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், தாய்லாந்து எல்லைக்கு அருகே அமைந்துள்ள சிறு நகரம் பாலிங். நகரின் பின்புறம் சுண்ணாம்புக்கல் மலை ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. ‘பாலிங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு ‘எறிதல்’ என்பது பொருள். கோரைப் பற்கள் கொண்ட ராஜா பெர்சியோங் என்னும் அரசன் தன் பற்களைப் பிடுங்கி எறிந்தான் என்றும், அவை வந்து விழுந்த இடமே பாலிங் என்றும் ஒரு பழங்கதை இப்பகுதி மக்களிடையே வழங்கி வருகிறது.

பாலிங்கிலிருந்து கோல கெட்டில் செல்லும் வழியெங்கும் நீண்ட காலமாக இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் இத்தோட்டங்களில் மரம் வெட்டிப் பிழைத்தன. தோட்டந்தோறும் லயங்களும் கோயிலும் சிறிய தமிழ்ப்பள்ளியும் அமைந்தன. வெளியுலகம் அதிகம் அறியாத இந்த வட்டாரத்தை 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் உலகச் செய்தியாளர்கள் முற்றுகையிட்டனர். மலாயாவில் ஏழாண்டுகளாக நடந்துவந்த போர் இந்த ஊரின் பள்ளி வகுப்பறை ஒன்றில் முடிவுக்கு வருமா என்பதே அன்று எல்லாரும் எழுப்பிய கேள்வி.

அந்த இரண்டு நாள்களின் பொருளை உணர, அந்த ஆண்டு முழுவதும் நாட்டில் நடந்தவற்றை வரிசையாக அறிய வேண்டும்.

அவசரகாலத்தின் பிடியில்

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயாவில் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. மலாயாக் கம்யூனிஸ்டு கட்சி தடை செய்யப்பட்டது. அக்கட்சியினர் காட்டுக்குள் புகுந்து ஆயுதமேந்திப் போரிட்டனர்.

காட்டில் நடந்த போரின் சுமை காட்டுக்கு வெளியே வாழ்ந்த மக்கள்மீதும் விழுந்தது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 5 இலட்சம் பேர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டப்புறங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியதாயிற்று.

காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே அரசாங்கத்தின் முக்கிய உத்தி. அதனால் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடையில் வாங்கும் டின் உணவைக் கடைக்காரர் அங்கேயே துளையிட்டுக் கொடுத்தார். துளையிட்ட டின்னைப் பதுக்கி வைக்க முடியாதல்லவா! கடுமையான கட்டுப்பாடு இருந்த இடங்களில் மரம் வெட்டச் செல்லும் தொழிலாளி மதியச் சோற்றைக்கூட உடன் கொண்டுபோக முடியவில்லை. வாயிற்கதவருகே ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டனர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஊரடங்குச் சட்டமோ விடியும்வரை அவர்களை வேலிக்குள் நிறுத்தி வைத்தது.

தொழிற்சங்கங்களும் தப்பவில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக 1949ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் சங்கம் என்ற சொல்லே தோட்டங்களில் அச்சத்தோடு பேசப்பட்டது. அந்த அச்சத்தைக் கடந்து, 1954ஆம் ஆண்டு பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளரானார். முதலாளிகளோடு மேசைக்கு எதிரே அமர்ந்து கூலியைப் பேசித் தீர்க்கும் முறை வலுப்பெறத் தொடங்கியது.

வாக்குப் பெட்டியின் முன்

1955 பிறந்தபோது ஆசியாவின் பல நாடுகளில் விடுதலைக் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு நடைபெற்றது. அதே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரில் தேர்தல் நடந்து, டேவிட் மார்ஷல் அதன் முதல் முதலமைச்சரானார்.

மலாயாவின் முறை ஜூலை மாதம் வந்தது. ஜூலை 27ஆம் நாள் நாட்டின் முதல் கூட்டரசுப் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகள் சேர்ந்த கூட்டணி, துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் போட்டியிட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் விடுதலை பெறுவோம் என்பதும், காட்டிலுள்ளவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கிப் போரை முடிப்போம் என்பதும் அதன் வாக்குறுதிகளுள் முதன்மையானவை.

மொத்தம் 52 தொகுதிகள். கூட்டணி 51 தொகுதிகளில் வென்றது. கெடா அரச குடும்பத்தில் பிறந்த துங்கு, தம் மாநிலத்தின் சுங்கை மூடா தொகுதியில் வெற்றி பெற்றார். அவ்வாண்டு மே மாதம் ம.இ.கா.வின் தலைமைப் பொறுப்பை ஏற்ற வீ. தி. சம்பந்தன், பேராக்கின் கிந்தா உத்தாரா தொகுதியில் வென்று தொழிலாளர் துறை அமைச்சரானார். துங்கு மலாயாவின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

எனினும் இந்த வெற்றியில் ஒரு குறை இருந்தது. வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தனர். அவர்களுள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக இருந்த இந்தியர்களோ, வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர்கூட இல்லை. அன்றைய குடியுரிமைச் சட்டத்தின் நிபந்தனைகளை நிறைவு செய்து, பத்திரங்களைக் காட்டிப் பதிவு செய்துகொள்வது பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்களுக்கு எட்டாத செயலாக இருந்தது. நாட்டின் இரப்பரில் பெரும்பகுதியைத் தம் கையால் எடுத்துக் கொடுத்தவர்கள், நாட்டின் முதல் தேர்தல் நாளன்று வழக்கம்போல் மரம் வெட்டப் போனார்கள்.

காட்டிலிருந்து வந்த கடிதம்

தேர்தல் வாக்குறுதிப்படி, 1955 செப்டம்பர் 9ஆம் நாள் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து வெளியே வந்து சரணடைவோர்மீது, கட்சியின் ஆணைப்படி அவர்கள் முன்பு செய்த குற்றங்களுக்காக வழக்குத் தொடரப்படாது என்பது அதன் சாரம். வானூர்திகளிலிருந்து துண்டறிக்கைகள் காட்டின்மீது தூவப்பட்டன. ஆயினும் வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே.

அதே மாதத்தில் கம்யூனிஸ்டு கட்சியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நேரில் சந்தித்துப் பேசலாம் என்று அது கூறியது. சரணடைவோருக்கு மன்னிப்பு உண்டு என்பது அரசாங்கத்தின் அழைப்பு. சமமாக அமர்ந்து பேசுவோம் என்பது காட்டிலிருந்து வந்த பதில். இந்த இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு சிறியதன்று. பிற்பாடு பேச்சு முறிந்ததற்கும் அதுவே காரணமாயிற்று.

பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இச்சந்திப்பில் விருப்பமில்லை. துங்கு அனுபவமில்லாதவர், காட்டிலிருந்து வருபவர்களுக்கு எதையாவது விட்டுக்கொடுத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சினர். துங்குவோ, தாம் பேரம் பேசப் போகவில்லை என்றும், பொதுமன்னிப்பின் விதிகளை விளக்கவே போவதாகவும் தெரிவித்தார். அக்டோபர் மாதம் முதல் பேராக்கின் வடகோடியிலுள்ள கிளியான் இந்தான் என்னும் ஈயச்சுரங்கச் சிற்றூரில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் முன்னேற்பாடுகளைப் பேசி முடித்தனர். சந்திப்பு நடக்கும் இடமாகப் பாலிங் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் குறிப்பிட்ட நாள்களுக்குத் துப்பாக்கிச் சூடு நிறுத்தப்பட்டது.

வகுப்பறையில் எதிரெதிரே

டிசம்பர் 28ஆம் நாள் கட்சியின் பொதுச்செயலாளர் சின் பெங், கிளியான் இந்தானுக்கு அருகே காட்டிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு அப்போது வயது 31. அவருடன் சென் தியன், ரஷிட் மைடின் ஆகிய இருவர் வந்தனர். அவர்களை வரவேற்று அழைத்துச் செல்ல அனுப்பப்பட்டவர் ஜான் டேவிஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் டேவிஸும் சின் பெங்கும் ஒரே அணியில் நின்று ஜப்பானியப் படையை எதிர்த்தவர்கள். பழைய தோழர்கள் இருவரும் எதிரெதிர் அணியினராக மீண்டும் சந்தித்தனர்.

பேச்சு நடந்த இடம் பாலிங் நகரின் ஆங்கிலப் பள்ளி. விடுமுறையாதலால் வகுப்பறைகளில் மாணவர் இல்லை. மேசையின் ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், ம.சீ.ச. தலைவர் டான் செங் லோக் ஆகிய மூவரும் அமர்ந்தனர். மறுபக்கம் காட்டிலிருந்து வந்த மூவரும் அமர்ந்தனர். செய்தியாளர்கள் அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே போவோர், வருவோர் முகங்களைப் பார்த்தே செய்தியை ஊகிக்க முயன்றனர்.

சின் பெங் முன்வைத்த கோரிக்கைகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, தம் கட்சி சட்டப்படி இயங்க அனுமதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வருவோர் தடுத்து வைக்கப்படவோ விசாரிக்கப்படவோ கூடாது. துங்கு இரண்டையும் ஏற்கவில்லை. மலாயாவுக்கு விசுவாசமாக வாழ விரும்புவோர் விசாரணைக்குப் பின் சமூகத்தில் சேரலாம், விரும்பாதவர் சீனாவுக்குப் போகலாம், ஆனால் கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது என்று அவர் உறுதியாகக் கூறினார்.

‘சரணடைதல்’ என்ற ஒரு சொல்லே இரு தரப்புக்கும் இடையே சுவராக நின்றது. அச்சொல்லை ஏற்றால் இத்தனை ஆண்டுப் போராட்டமும் குற்றம் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது சின் பெங்கின் வாதம். அச்சொல்லை விட்டால் ஆயுதத்தால் ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு வெற்றி கொடுத்ததாகும் என்பது துங்குவின் வாதம்.

இந்த வாதங்களுக்கிடையே சின் பெங் ஒரு வாக்குறுதி அளித்தார். உள்நாட்டுப் பாதுகாப்பும் படைகளும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டால், தம் தரப்பினர் போரை நிறுத்தி ஆயுதங்களைக் கீழே வைப்பார்கள் என்றார் அவர். துங்கு அதனை உடனே பிடித்துக்கொண்டார். அந்த அதிகாரத்தைக் கேட்டுப் பெறத்தான் தாம் விரைவில் லண்டன் செல்வதாகக் கூறினார்.

டிசம்பர் 29ஆம் நாள் உடன்பாடின்றிப் பேச்சு முடிந்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் காட்டுக்கே திரும்பினர். அவர்களைக் காட்டோரம் வரை கொண்டுபோய் விட்டவரும் டேவிஸ்தான்.

முறிந்த பேச்சு தந்த பலன்

பாலிங்கில் அமைதி பிறக்கவில்லை. ஆனால் பேச்சு வீண்போகவும் இல்லை.

அதுவரை பிரிட்டிஷார், அவசரகாலம் முடிந்த பிறகே மலாயாவுக்கு விடுதலை என்ற நிலையில் இருந்தனர். பாலிங் பேச்சு அந்த வாதத்தின் அடித்தளத்தை ஆட்டிவிட்டது. பாதுகாப்பு அதிகாரம் பிரிட்டிஷார் கையில் இருக்கும்வரை போர் நீளும், அந்த அதிகாரம் மலாயாவின் கைக்கு வந்தால் போரிடுவதற்குக் காரணமே இல்லாமல் போகும் என்று துங்குவால் எடுத்துக்காட்ட முடிந்தது. மேலும், கடினமான எதிரியின் முன்னே அமர்ந்தும் தம் நிலையிலிருந்து அவர் தளரவில்லை. அவர்மீது ஐயம் கொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளும் அதைக் கவனித்தனர்.

புத்தாண்டின் தொடக்கத்திலேயே துங்குவும் குழுவினரும் லண்டனுக்குப் புறப்பட்டனர். 1956 பிப்ரவரி 8ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று. உள்நாட்டுப் பாதுகாப்பு மலாயாவின் கைக்கு மாறியது. இயன்றால் 1957 ஆகஸ்டு மாதத்திற்குள் விடுதலை என்றும் முடிவாயிற்று. பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்கா திடலில் திரண்டிருந்த மக்களிடம் துங்கு அச்செய்தியை அறிவித்தார். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது.

சின் பெங்கின் வாக்குறுதி நிறைவேறியதா? இல்லை. விடுதலைக்குப் பின்னும் போர் தொடர்ந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் பொதுமக்கள், பாதுகாப்புப் படையினர், காட்டிலிருந்தவர்கள் என 11,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். எஞ்சியவர்கள் எல்லைப்புறக் காடுகளில் நீண்ட காலம் தங்கியிருந்தனர். 1989 டிசம்பர் 2ஆம் நாள் தாய்லாந்தின் ஹட்யாய் நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபோதுதான் அவர்கள் ஆயுதங்களைக் கைவிட்டனர். பாலிங் மேசைக்கும் ஹட்யாய் மேசைக்கும் இடையே 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

மேசையில் இடம்பெறாதவர்கள்

பாலிங் மேசையைச் சுற்றி அமர்ந்த அறுவரில் தோட்டத் தொழிலாளர் சார்பில் பேச ஒருவரும் இல்லை. இந்தியரும் ஒருவர் இல்லை. ஆயினும் பேச்சின் முடிவு அவர்களை நேரே பாதித்தது. உடன்பாடு ஏற்பட்டிருந்தால் அரிசிக் கட்டுப்பாடும் வாயிற்கதவுச் சோதனையும் அப்போதே தளர்ந்திருக்கும். உடன்பாடு முறிந்ததால், எல்லையோர வட்டாரங்களில் அக்கட்டுப்பாடுகள் மேலும் சில ஆண்டுகள் நீடித்தன. பெரியவர்கள் பேசி முடிக்காததைச் சிறியவர்கள் சுமக்க வேண்டியதாயிற்று.

அதே வேளையில், அந்த முறிந்த பேச்சு விரைவுபடுத்திய விடுதலையின் பயனும் அவர்களை வந்தடைந்தது. 1957ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், விடுதலை நாள் தொட்டு இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை வழங்கியது. முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியும் விரிந்தது. 1955இல் வாக்குச் சாவடிக்குப் போக முடியாத பலர், 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தனர். எனினும் விண்ணப்பம் எழுதத் தெரியாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும் விடுபட்டவர்களும் உண்டு. அவர்களுடைய இன்னல் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் வேறொரு வழி

1955ஆம் ஆண்டு வாக்குரிமை பற்றிய கேள்வி மலாயாவில் மட்டும் எழவில்லை. அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கிளிப்டவுன் என்னும் இடத்தில் ஏறக்குறைய 3,000 பேராளர்கள் கூடி விடுதலைச் சாசனத்தை ஏற்றனர். நிறவெறி ஆட்சியில் வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்களோடு, தமிழர் பலரின் வழித்தோன்றல்களையும் உள்ளடக்கிய இந்தியச் சமூகத்தின் அமைப்பான தென்னாப்பிரிக்க இந்தியர் காங்கிரசும் அக்கூட்டத்தை நடத்துவதில் பங்கு கொண்டது.

அந்நாட்டிலும் பின்னாளில் ஆயுதப் போராட்டம் எழுந்தது. அதன்பின் பேச்சுவார்த்தையும் வந்தது. ஆனால் அங்குப் பேச்சு தொடங்கிய முறை வேறு. 1990 பிப்ரவரி 2ஆம் நாள் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு உள்ளிட்ட அமைப்புகளின்மீதான தடை முதலில் நீக்கப்பட்டது. சில நாள்களில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரது இயக்கம் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தி வைத்தது. பல முறை பேச்சு முறிந்தும், மீண்டும் மீண்டும் மேசைக்குத் திரும்பினர். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

இரு நாடுகளின் சூழ்நிலையும் ஒன்றல்ல. மலாயாவில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம் ஒரு பக்கம் அமர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலோ பெரும்பான்மை மக்களுக்கு வாக்கே இல்லாத ஆட்சி அமர்ந்தது. எனினும் இரண்டு இடங்களிலும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: எதிரே இருப்பவரை யாராக ஏற்றுப் பேசுவது? பாலிங்கில் அக்கேள்வியிலேயே பேச்சு நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அக்கேள்விக்கு விடை கண்ட பிறகே பேச்சு தொடங்கியது.

ஓர் ஆண்டின் பாடம்

1955ஆம் ஆண்டை மலாயாவின் வரலாற்றில் திருப்பத்தின் ஆண்டு எனலாம். ஜூலையில் மக்கள் வாக்குப் பெட்டியின் வழியே பேசினர். செப்டம்பரில் அரசாங்கம் மன்னிப்பின் வழியே பேசியது. டிசம்பரில் போரிட்ட இரு தரப்பும் நேருக்கு நேர் பேசின. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி மக்கள் பேச்சுக்கு வெளியே நின்றனர் என்பதும் உண்மை.

பேச்சில் உடன்பாடு வராவிட்டால் அது தோல்வி என்று எண்ணுவது வழக்கம். பாலிங் அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. அங்கே சொல்லப்பட்ட ஒரு வாக்குறுதி, சொன்னவர் நிறைவேற்றாவிட்டாலும், ஒரு நாட்டின் விடுதலையை விரைவுபடுத்தியது. அதே பேச்சு முறிந்ததன் விலையை, அந்த அறைக்குள் நுழையாத தொழிலாளரும் விவசாயிகளும் புதுக்கிராமத்தாரும் கொடுத்தனர். ஒரு பேச்சின் பயனை அளக்க, கையெழுத்து விழுந்ததா என்று பார்ப்பது மட்டும் போதாது. அதன் பலன் யாரைச் சேர்ந்தது, அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. அவசரகாலக் கட்டுப்பாடுகள் தோட்டத் தொழிலாளரின் அன்றாட வாழ்வை எவ்வாறு பாதித்தன? மூன்று சான்றுகள் தருக.

2. ‘சரணடைதல்’ என்ற சொல்லை இரு தரப்பும் எவ்வெவ்வாறு நோக்கின? இருவர் வாதங்களையும் உம் சொந்த நடையில் எழுதுக.

3. சின் பெங் அளித்த வாக்குறுதி, துங்குவின் லண்டன் பயணத்திற்கு எவ்வாறு துணைபுரிந்தது?

4. “பெரியவர்கள் பேசி முடிக்காததைச் சிறியவர்கள் சுமக்க வேண்டியதாயிற்று.” இக்கூற்றைப் பனுவலின் துணையுடன் விளக்குக.

5. உம் வட்டாரத்தில் அவசரகாலத்தை நேரில் கண்ட மூத்தோர் ஒருவரையோ, அதைப் பற்றிக் கேட்டறிந்தவர் ஒருவரையோ சந்தித்து, அவர் கூறும் செய்திகளை 120 சொற்களில் தொகுத்து எழுதுக.